சூடம் அணைக்கப் போறனுங்க

இப்படி உள்ள தள்ளி உக்காருங்க, அந்தப் பக்கம் வெயிலு. பை இருக்கட்டுங்க, மடியிலயே வெச்சுக்கறேன். பெருசா ஒண்ணுமில்ல, சூடமும் தேங்கா பழமுந்தான். நீங்க கோயமுத்தூருங்களா? நான் அத்தனை தூரம் வரலீங்க. பல்லடம் தாண்டி கருப்பராயன் கோயில் பிரிவுன்னு ஒரு ஸ்டாப்பிங் வரும், அங்க எறங்கீருவேன். குடியை நிறுத்தறதுக்குக் கயிறு கட்டுவாங்களே, அந்தக் கோயிலுதானுங்க. அய்யய்யோ, எனக்கில்லீங்க! பொறந்ததுல இருந்து அந்தக் கருமத்தைத் தொட்டதில்லை. தொட்டவங்க பக்கத்துல உக்காந்துகூடச் சோறு தின்னதில்லை.

நான் போறது சத்தியம் பண்ணறதுக்குங்க. சாமி முன்னால சூடத்தைக் கொளுத்தி வெச்சு, அதைக் கையால அடிச்சு அணைச்சு, எங்க மாப்பிள்ளை அன்னிக்குக் குடிச்சிருந்தாருன்னு சொல்லோணும். அவ்வளவுதான் வேலை. மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி புருசனுங்க. தங்கச்சி பேரு கலாமணி. போன ஆடியில இருந்து அவ என்கூட ஒரு வார்த்தை பேசறதில்லை. போனு பண்ணினா எடுக்கறதில்லை. ஊட்டுக்குப் போனா உள்ள போயிக் கதவைச் சாத்திக்கறா. இப்ப அவளே ஆள் மூலியமாச் சொல்லி உட்டிருக்கறா. எங்கண்ணன் பொய்ச் சத்தியம் பண்ணற ஆளில்லை, அவன் கருப்பராயன் முன்னால சூடத்தை அணைச்சுட்டான்னா நான் வாயை மூடிக்கிட்டுப் பழையபடி பேசறேன், அணைக்காட்டி செத்தாலும் என் மொகத்துல முழிக்க வேண்டாம்னு. நானும் சேரி, இன்னிக்கே வாரேன்னுட்டேன். அங்க எனக்காகக் காத்துக்கிட்டு நிப்பாளுங்க. எனக்கென்னங்க பயம்? நெசத்தைச் சொல்றவனுக்குச் சூடம் சுடுமா?

எங்கப்பன் ஆத்தா சீக்கிரமே போயிட்டாங்க. அவளை வளத்துனது நானுதான். தலை சீவி உட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயி உட்டு, எல்லாமே. மாப்பிள்ளை பாத்ததும் நானுதான். நாச்சிமுத்துன்னா எங்க பக்கத்துல கேட்டுப் பாருங்க, கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டறதுல அவரை அடிச்சுக்க ஆளில்லை. புகைஞ்சுபோன மோட்டாரைக் கொண்டாந்து போட்டா, பொழுதோட தண்ணி எடுக்க வெச்சுருவாரு. ஒரு பக்கம் பேசிக்கிட்டே இருப்பாரு, இன்னொரு பக்கம் கம்பி சுத்திக்கிட்டே இருக்கும், சுத்து ஒண்ணு கூடாது, ஒண்ணு கொறையாது. அந்த மூளையைப் பாத்துத்தான் பொண்ணைக் குடுத்தேன். சாயங்காலம் ஆனா கடைக்குப் போவாருன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது.

அதுவும் சோத்தோட குடிக்கற குடி இல்லீங்க. சில பேரு குடிச்சாலும் நாலு முட்டை, ஒரு தட்டுச் சோறுன்னு வயித்துக்குப் போடுவாங்க. இவரு சோத்தைத் தள்ளி வெச்சுட்டு கிளாசைப் புடிக்கற ரகம். கலா ஆக்கி வெச்சதெல்லாம் காத்தால மாட்டுக்குத்தான் போகும். அப்பறம் சக்கரை வந்துச்சு. டாக்டரு மாத்திரை எழுதிக் குடுத்து, நேரத்துக்குச் சாப்பிடோணும், குடியை மறந்துரோணும்னாரு. எங்க மாப்பிள்ளை எதுல கெட்டி தெரியுங்களா? மாத்திரை போட்டுட்டேன், அப்பறம் என்ன மச்சான்னு சொல்லிப் போட்டுக் குடிக்கப் போறதுல. சிரிச்ச மொகமாச் சொல்வாரு. கோவப்படக்கூட உடமாட்டாருங்க அந்த மனுசன்.

கலா எங்கிட்ட வந்து அழுவா. அழுதுட்டுப் போயி அவருக்கே காலு அமுக்கி உடுவா. பொம்பளைக அப்படித்தான். ஒருக்கா வண்டியோட வாய்க்காலுக்குள்ள உழுந்து கெடந்தாரு, நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. அன்னிக்கு முடிவு பண்ணினேன். இனி இது இவங்க கையில இல்ல, நம்ம கையிலதான்னு. மறுநாளே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்.

பூசாரி நல்ல மனுசன். கயிறு எத்தனை நாளைக்குன்னு கேப்பாரு. தீவாளி வரைக்குங்கறவங்க இருக்கறாங்க, மகன் கண்ணாலம் முடியற வரைக்குங்கறவங்க இருக்கறாங்க. கெடு முடிஞ்சா வந்து கயித்தை அவுத்துட்டு நேரா கடைக்குப் போற கழிசடைகளும் உண்டு. மாப்பிள்ளை, ஒரு வருசத்துக்குக் கட்டுங்க சாமின்னாரு. நான் குறுக்க பூந்து, ஆயுசுக்கும் கட்டுங்கன்னேன். அவரு என் மொகத்தைப் பாத்தாரு. அப்பறம் கையை நீட்டினாரு. வலது கையில கறுப்புக் கயிறு. கட்டும்போது அவரு கண்ணுல தண்ணிங்க. கலா என் கையைப் புடிச்சுக்கிட்டு, அண்ணா, நீ எங்களுக்குச் சாமிடான்னா. அவ சொன்னதுதான். என் வாயில வந்ததில்லை.

கயிறு கட்டினாப் போதுங்களா? ஒடம்பும் கட்டுப்படோணுமில்ல. ஒரு மண்டலத்துக்கு ஒரு பொழுதுன்னு நானே விரதம் வெச்சுட்டேன். பூசாரி அதைச் சொல்லலீங்க, அது என் யோசனை. வயிறு காஞ்சாத்தான் புத்தி தெளியும்னு எங்கப்பன் சொல்வாரு. உச்சி சாஞ்சதுக்கு அப்பறம் ஒரே ஒரு சாப்பாடு, அதுலயும் இனிப்பு, கெழங்கு எதுவும் ஆகாது. டீக்குச் சக்கரை கெடையாது. ஆனா மாத்திரையை மட்டும் நான் ஒரு வேளை தவற உடலீங்க. காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு, நானே கையில குடுத்து, முழுங்கறதைப் பாத்துட்டுத்தான் நகருவேன். என் ஊட்டையும் வேலையையும் உட்டுப்போட்டு அங்கயே தங்கீட்டேன். ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்கு ஒதுங்கப் போனாக்கூடப் பொறகாலயே போவேன். எந்த மச்சான் இப்படிப் பாப்பான், சொல்லுங்க பாக்கலாம்.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுது. இப்படிக் காவல் காத்தா அவரு எங்க போயிக் குடிச்சிருப்பாருன்னு. குடிகாரனுக்கு வழியாங்க இல்ல? நான் டீ குடிக்கப் போற நேரம் ஒண்ணு இருக்குதில்லீங்களா. கடைப் பையன் எவனாச்சும் கொண்டாந்து குடுத்திருப்பான். பாத்தீங்களான்னா, பாக்கலை. பாத்தாத்தானா?

மொதல்ல நல்லாத்தான் இருந்தாரு. கை நடுக்கம் நின்னுது. மொகத்துல ஒரு தெளிவு வந்துச்சு. ஊரே என்னைப் பாராட்டுச்சு. அப்பறந்தான் மெல்ல மெல்ல மாற ஆரம்பிச்சுது. காரணமில்லாம வேத்து ஊத்தும். காலை அகட்டி அகட்டி நடப்பாரு. கண்ணு ஒரு எடத்துல நிக்காது. ஸ்குரூ டிரைவரைக் கையிலயே வெச்சுக்கிட்டு அதையே தேடுவாரு. கலா பயந்துபோயி டாக்டருகிட்டக் காட்டலாம்னா. டாக்டரு எதுக்கு, விரதம் முடியட்டும், ஒடம்புல இருக்கற வெசமெல்லாம் வெளிய வருதுன்னேன். உள்ளுக்குள்ள எனக்குச் சந்தேகந்தான். குடிகாரன் நடை எனக்குத் தெரியாதுங்களா?

அந்த நாளு வந்துச்சுங்க. ஆடி மாசம், காத்து அள்ளிட்டுப் போகுது. நான் டீக்கடைக்குப் போயிட்டுத் திரும்பி வாரேன், ஊட்டை ஒட்டின அவரு பட்டறையில ஒரே சத்தம். மோட்டாரு வாங்க வந்த ஒரு தோட்டத்துக்காரரை எங்க மாப்பிள்ளை கண்டபடி பேசிக்கிட்டு இருக்கறாரு. எறும்புக்கு நோகாத மனுசன், கேக்காத வார்த்தையெல்லாம் பேசறாரு. நாக்குக் கொழறுது. சட்டை நனைஞ்சு ஒட்டிக் கெடக்குது. சுத்தி வெச்ச காயிலை அவரே பிச்சுப் போட்டிருக்கறாரு. கிட்டப் போயி மோந்து பாத்தேன். குப்புன்னு ஒரு வாடை, புளிச்ச பழ வாடையாட்ட. அந்தக் கருமத்தைத் தொடாத மூக்குங்க இது, இதுக்குத் தப்பாது.

குடிச்சயான்னு கேட்டேன். என்னைப் பாத்து, "குடிக்கலை மச்சான், கயித்து மேல சத்தியமாக் குடிக்கலை, எனக்கு என்னமோ பண்ணுது"ன்னாரு. சாமி கயித்தைக் கையில கட்டிக்கிட்டுப் பொய்யி! எனக்கு ஆத்தரம் தாங்கலை. ஒரு அறை உட்டேன். ஒண்ணே ஒண்ணுதான். தோட்டத்துக்காரரு முன்னால மானம் போகுதேன்னு, தள்ளிக் கொண்டுபோயி கம்பி உருட்டு வெக்கற ரூமுல உட்டுத் தாப்பா போட்டுட்டேன். போதை தெளியட்டும், அப்பறம் பேசிக்கலாம்னு. ஊரு நாட்டுல இது நடக்கறதுதானுங்களே. தெளியற வரைக்கும் அடைச்சு வெக்கறது ஒண்ணும் புதுசில்லை.

உள்ள இருந்து கதவைத் தட்டிக்கிட்டு, "கலா, இனிப்பா ஏதாச்சும் குடு கலா"ன்னாரு. அவ ஓடிப்போயி டீயில நெறையச் சக்கரை போட்டு ஆத்திக்கிட்டே வாரா. நான் வாங்கி வாசல்ல ஊத்தீட்டேன். சக்கரைக்காரனுக்குச் சக்கரைத் தண்ணியா, புருசனைக் கொல்லப் பாக்கறயான்னு சத்தம் போட்டேன். நானே எலுமிச்சம்பழம் புழிஞ்சு, சக்கரை போடாம உப்பு மட்டும் போட்டு, சன்னல் வழியா நீட்டினேன். அவரோட சக்கரை மேல எனக்கு அத்தனை அக்கறைங்க. கிளாசைப் புடிக்கக்கூட முடியலை அவருக்கு, கீழ உட்டுட்டாரு.

கலா என் காலைப் புடிச்சுக்கிட்டா. "அண்ணா, இத்தனை வருசமாக் குடிச்சுட்டு வந்த மனுசனைப் பாத்தவ நானு. இது குடி இல்லண்ணா. கதவைத் தொற"ன்னா. உனக்கு அவனைக் கண்டா எரக்கம் வந்துரும், நீ தள்ளு அம்மிணின்னுட்டேன். சாவி எங்கிட்ட இல்லீங்க, வெறும் தாப்பாதான். அவளே தொறந்திருக்கலாம். நான் கதவுகிட்டக் கட்டிலைப் போட்டு உக்காந்துக்கிட்டேன், அதனால தொறக்கலை. நான் சொன்னா மீறாத புள்ளைங்க அது. சின்னதுல இருந்தே அப்படித்தான் வளத்தி இருந்தேன்.

கொஞ்ச நேரத்துல தட்டறது நின்னுச்சு. பாத்தயா, போதை எறங்கீருச்சு, தூங்கறாருன்னு சொன்னேன். கொறட்டை மாதிரி ஒரு சத்தமும் கேட்டுது. எனக்கு நிம்மதி. பொழுது சாயக் கலா தாங்க மாட்டாம என்னைத் தள்ளிப் போட்டுத் தாப்பாளை எடுத்துட்டா. உள்ள அவரு ஒரு பக்கமாச் சாஞ்சு கெடந்தாரு, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நொரை. காரு புடிச்சு ஆசுபத்திரிக்குப் போறதுக்குள்ள எனக்கே உசுரு போயி உசுரு வந்துச்சு.

அங்க வெரல்ல ஒரு குத்துக் குத்திப் பாத்துட்டு நர்சம்மா ஓடுச்சு. சக்கரை தரைக்குப் போயிருச்சாம். சக்கரைக்காரனுக்குச் சக்கரை எப்படிங்க கொறையும்? எனக்கு வெளங்கவே இல்ல. வயசுல சின்ன டாக்டரு, என்னைக் கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசினாரு. மூளைக்குச் சோறே சக்கரைதானாம். வெறும் வயித்துல வருசக்கணக்காக் குடிச்சதுல ஈரலு நொந்து, சக்கரையைச் சேத்து வெச்சு நேரத்துக்கு எடுத்துக் குடுக்கற தெம்பு அதுக்கு இல்லாமப் போச்சாம். மூளைக்கு வேண்டிய சத்தையும் குடி உறிஞ்சிருச்சாம். அந்த ஒடம்பைப் பட்டினியும் போட்டு, சக்கரையைக் கொறைக்கற மாத்திரையும் குடுத்தா மூளை பட்டினியில வாடித்தான் போகும், அப்ப வர்ற தள்ளாட்டமும் ஒளறலும் குடிச்சவனாட்டமேதான் இருக்கும்னாரு. வாடை எப்படி வந்துச்சுன்னு கேட்டேன், உடுவனா? பட்டினி கெடந்தா வாயில அப்படி வரும்னுட்டாரு. எதைக் கேட்டாலும் ஒரு பதிலு வெச்சிருக்கறாங்க.

என்னங்க கேட்டீங்க? ஒரு வாய் இனிப்புக் குடுத்திருந்தா அப்பவே தெளிஞ்சிருப்பாரான்னா? நீங்களும் அதையே கேக்கறீங்களே! அந்த டாக்டரும் மொதக் கேள்வியா, உழுகறதுக்கு முன்னால இனிப்பு ஏதாச்சும் குடுத்தீங்களான்னுதான் கேட்டாரு. கலா சொன்னா. டீயைக் கொண்டாந்தேன், எங்கண்ணன் ஊத்தீட்டான்னா. அதுதாங்க அவ கடைசியா என் முன்னால பேசுனது, அதுவும் எங்கிட்ட இல்லை. ரத்தத்துல சாராயமே இல்லைன்னும் டாக்டரு சொன்னாரு. காத்தால குடிச்சது பொழுதோட வரைக்கும் ரத்தத்துல குத்த வெச்சுக்கிட்டா இருக்கும்? அதை நான் ஒத்துக்கலை.

உசுரு தங்கீருச்சுங்க. நடக்கறாரு, சாப்பிடறாரு, அதே சிரிச்ச மொகந்தான். ஆனா புதுசா எதுவும் மண்டையில நிக்கறதில்லை. இப்பச் சாப்பிட்டது இப்ப ஞாபகம் இல்ல. பட்டறையில உக்காந்து கம்பி சுத்துவாரு, பாதியில எத்தனை சுத்துன்னு மறந்துரும், பிரிச்சுப் போட்டு ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பாரு. பொழுதுக்கும் அதேதான். கலா பக்கத்துல உக்காந்து எண்ணிச் சொல்லுவா. என்னை ரோட்டுல பாத்தா அத்தனை சந்தோசமா ஓடி வந்து கையைப் புடிச்சுக்குவாருங்க. "மச்சான், நாளைக்குக் கோயிலுக்குப் போயிக் கயிறு கட்டிக்கறேன், இனித் தொடவே மாட்டேன், கலாகிட்ட நீங்களே சொல்லிருங்க"ம்பாரு. கையில கயிறு இருக்கும். பாக்கறப்பெல்லாம் இதையே சொல்றாருங்க. நான் சேரி மாப்பிள்ளைன்னுட்டு வேகமா நடந்துருவேன். நின்னா அழுதுருவேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அவரே ஒத்துக்கிட்டாரு. ஒரு நாளு கலா இல்லாத நேரம் பாத்து மெல்லக் கேட்டேன், மாப்ள, அன்னிக்குக் குடிச்சீங்கதானுங்களேன்னு. ஆமா மச்சான், குடிச்சேன்னாரு. கூட ஆருன்னேன். மாரப்பன்னாரு. மாரப்பன் செத்து நாலஞ்சு வருசமாச்சுங்க, அது வேற விசயம். பேரு மாத்திச் சொல்லியிருப்பாரு. குடிச்சேன்னு சொன்னாரா இல்லையா? இதைக் கலாவுக்குச் சொல்லி உட்டேன். அவ என்ன பண்ணினா தெரியுங்களா? அவரை எல்லாரு முன்னாலயும் நிறுத்தி, ஏனுங்க, நீங்க நேத்துக் காசிக்குப் போயிட்டு வந்தீங்கதானுங்களேன்னு கேட்டிருக்கறா. ஆமா போனேன், கூட்டம் ஜாஸ்தின்னாராம். கேட்டதுக்கெல்லாம் ஆமாம்பாராம். டாக்டரு, மூளை போனா அப்படித்தான், ஓட்டையைக் கதையை வெச்சு அடைச்சுக்கும்னாராம். அன்னிக்குத்தான் சூடத்துக்கு வாடான்னு சொல்லி உட்டா.

எங்க ஊட்டுக்காரி போகாதீங்கன்னா. கருப்பராயன் கண்ணைப் பாத்துச் சொல்ற விசயமில்லைன்னா. அவளுக்கென்ன தெரியும்? எனக்குக் கலா வேணுங்க. அவ்வளவுதான். தீவாளிக்கு அவ வரலை, பொங்கலுக்கு வரலை. எனக்குக் கூடப் பொறந்ததுன்னு இருக்கறது அவ ஒருத்திதான். அண்ணான்னு ஒரு வார்த்தை கேக்காம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க. பாருங்க, உங்க முன்னால, அறியாத தெரியாத ஆளு முன்னால அழுதுட்டு இருக்கறேன்.

பல்லடம் தாண்டியாச்சா? இன்னும் சித்த நேரந்தான். ஒருக்காச் சொல்லிப் பாத்துக்கறேன், கேளுங்க. கருப்பராயா, எங்க மாப்பிள்ளை நாச்சிமுத்து அன்னிக்குக் குடிச்சிருந்தாரு, நான் பாத்தேன். பாத்தேன்னு சொல்லலாங்களா? குடிச்சதைப் பாக்கலையில்ல. குடிச்ச மாதிரி இருந்தாருன்னு சொன்னா அது நெசந்தானுங்களே? ஆனா அதுக்குக் கலா ஒத்துக்க மாட்டா. வாடை அடிச்சுதுன்னு மட்டும் சொல்லி அணைச்சுட்டாப் போதுங்களா? நீங்க சொல்லுங்க, நாலும் தெரிஞ்ச ஆளாட்டம் இருக்கறீங்க. ஏனுங்க இப்படி வெளிய பாக்கறீங்க?

ஆமாங்க, இதுதான் ஸ்டாப்பிங். அதா, அந்தக் கோயில் வளைவுக்குக் கீழ பச்சைச் சீலை கட்டிட்டு நிக்கறா பாருங்க, அவதான் கலா. எளைச்சுப் போயிட்டா. பக்கத்துல அவரு. என்னைப் பாத்துட்டாருங்க, கையைக் காட்டறாரு பாருங்க, கொழந்தையாட்ட. மச்சான்னு கூப்புடறாரு போல இருக்குது.

எறங்கோணும். எறங்கோணுங்க. காலு மரத்துப் போச்சு, சித்த இருங்க. வழி உடுங்கன்னு நான் சொன்னா நீங்க நகந்துக்கங்க, இப்பச் சொல்லலை. கண்டக்டரு விசில் ஊதறாரு, ஊதட்டும். எறங்கற ஆளு ஆருமில்லைன்னு நெனைச்சுக்கிட்டாரு, வண்டி நகந்துருச்சுங்க.

பஸ் படியையே பாத்துட்டு நின்னாளுங்க. ஆரும் எறங்கலைன்னதும் முந்தானையை எடுத்து மொகத்தைப் பொத்திக்கிட்டா. கேட்டதுக்குப் பதிலு கெடைச்சுருச்சில்ல அவளுக்கு. செயிச்சவ மொகமே இல்லீங்க அது.

கண்டக்டரே, இங்க ஒரு கோயமுத்தூரு குடுங்க.